ஆதாரத்துடன் ஒரு திருத்தம்

எங்கள் ஏரியா செய்திப் பேஜின் அட்மினுக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் இருக்கிற கவலையில் கால்வாசி, போடுகிற செய்தி நிஜமா பொய்யா என்பதில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இப்படி உட்கார்ந்து புலம்ப வேண்டி வந்திருக்காது. தலைப்பில் ஓர் எழுத்துச் சந்தேகம் வந்தால் உடனே போன் பண்ணுவான். படத்தில் இருக்கிற மனுஷி யார் என்று கேட்டால் மட்டும் சிக்னல் கிடைக்காது.

அவன் வெள்ளானூர் ரோட்டில் செல்போன் ரிப்பேரும் ஜெராக்ஸும் வைத்திருக்கிற ஆள். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர்கள். வயலெல்லாம் பிளாட் ஆனதும் இவன் கடை போட்டான். நாங்கள் தெற்கேயிருந்து வந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்து, அவர் ரிட்டயர் ஆனதும் அதே பிளாட்டுகளில் ஒன்றை வாங்கி வீடு கட்டினோம். அவன் அம்மா நாற்று நட்ட இடத்தில்தான் என் சமையலறை இருக்கிறது என்று அவனே ஒருநாள் சொல்லிச் சிரித்தான்.

பேஜ் தொடங்கியது நல்ல காரியத்துக்குத்தான், அதை மறைக்கக் கூடாது. குழாய் பதிக்கத் தோண்டின பள்ளத்தை மூடாமல் விட்டுப் போயிருந்தார்கள். மழை பெய்தால் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாது. இவன் கடை வாசலில் நின்றபடி ஸ்கூட்டர்கள் சரிந்து விழுவதை வீடியோ எடுத்துப் போட்டான். கொஞ்ச நாளில் லாரி வந்து மண்ணைக் கொட்டிப் பள்ளத்தை மூடியது. தெருவே அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அந்த ருசி ஒருமுறை நாக்கில் பட்டால் விடுமா?

நான் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு சின்னப் பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள் நான். அவன் ஸ்கிரீனில் இருந்த தலைப்பைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை, இங்கே ‘ப்’ வரும் என்றேன். “அக்கா, நீங்களே பாத்துக் குட்த்துடுங்களேன், புண்ணியமாப் பூடும்” என்று பிடித்துக்கொண்டான். சரி, ஆனால் எழுத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்று சொன்னேன். யார் எடுத்தது, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று தெரியாத படம் போடக் கூடாது. ஒருத்தரைக் குறை சொன்னால், முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தப்பாகப் போட்டுவிட்டால், போட்ட இடத்திலேயே தப்பு என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதற்கு ‘அக்கா சட்டம்’ என்று பெயரும் வைத்தான். பெயர் வைத்ததோடு சரி.

ஏனென்றால் அவன் கையில் அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. ‘வந்தது வந்தபடி.’ எந்தக் குப்பையைப் போட்டாலும் கீழே இந்த இரண்டு வார்த்தையைப் போட்டுவிடுவான். அதோடு பாவமெல்லாம் கழிந்துவிடும். “நான் இன்னாக்கா பண்றது, எனுக்கு வந்துச்சு, போட்டேன்” என்பான். வீட்டு வாசலில் யாரோ கொண்டுவந்து கொட்டியதை வாரிப் பக்கத்து வீட்டில் கொட்டிவிட்டு, எனக்கு வந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்களா?

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. இவன் எடுத்த வீடியோ ஒன்றை அம்பத்தூர்ப் பக்கத்துப் பேஜ்காரன் சுட்டு, தன் பெயரைப் போட்டு ஓட்டிவிட்டான். அன்றிலிருந்து இவன் கைக்கு வருகிற ஒவ்வொரு படத்தின் அடியிலும் சிவப்புப் பட்டை ஒன்றை ஒட்டுவான். நடுவில் பேஜ் பெயர், ஓரத்தில் கடையின் போன் நம்பர். அடுத்தவன் வெட்டி எடுக்க முடியாதபடி நல்ல அகலம். படத்தைப் பார்க்கிறானோ இல்லையோ, பட்டையை ஒட்டிவிடுவான்.

அந்தச் சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது போன் பண்ணினான். “அக்கா, ‘சாக்கடைத் தண்ணியில் கீரை கழுவும் கொடுமை.’ ‘த்’ வருமா வராதா?”

“அது வரும். படம் எங்கேருந்து வந்துச்சு?”

“ஒரு ஆளு அனுப்பிச்சான்க்கா. செம படம். ஒரு லேடீஸ் சாக்கடையாண்ட குந்திகினு கட்டுக்கட்டா கீரைய அலசுது. நம்ம ஏரியாவாத்தான் இருக்கும்.”

“இருக்கும்னா? எந்த இடம்னு கேட்டியா? அந்தம்மா யாருன்னு கேட்டியா? கேக்காம போட்டுறாதே, சொல்லிட்டேன்.”

“சரிக்கா, கேட்டுக்கறேன்க்கா” என்று வைத்துவிட்டான். குழம்பை இறக்கிவிட்டு நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருகிற பெண் என் கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கினாள். இறக்கின வேகத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்னைவிடச் சின்னவள், வெள்ளானூர்க்காரி. அறுவடைக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பம். வயல் போனபிறகு, மிச்சம் இருக்கிற ஓரிரு தோட்டங்களில் கீரை வாங்கி எங்கள் தெருக்களிலும் குவார்ட்டர்ஸ் பக்கமும் விற்றுக்கொண்டிருந்தாள். பேரம் பேசினால் முறைப்பாள். ஆனால் அவள் கட்டில் ஒரு பழுத்த இலையை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு எப்போதும் பாதியாவது காலியாகியிருக்கும் கூடை அன்றைக்கு அப்படியே நிறைந்திருந்தது.

“ஏம்மா, ஜெராக்ஸ் கட அண்ணாத்தே நடத்துறான்ல பேஜூ, அதுல நீயும் கீறியாமே?” என்றாள்.

“ஆமா. ஏன்?”

“எதிர் ஊட்டம்மா கதவயே தொறக்கலமா. ஜன்னலாண்ட நின்னுகினு வேணாம், போயிடுன்றாங்க. இன்னாமான்னு கேட்டா போன எட்த்துக் காட்றாங்க. பாத்தா என் மூஞ்சி!”

உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். அட கடவுளே, அவளேதான். கறுப்புத் தண்ணீரின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையிலும் பச்சைப் பசேலென்று ஒரு கட்டு, தண்ணீர் சொட்டுகிறது. முகம் பளிச்சென்று தெரிகிறது. அடியில் சிவப்புப் பட்டை. மேலே நான் ‘த்’ போடச் சொன்ன தலைப்பு. நம் வெள்ளானூரிலேயே இந்த அக்கிரமம், குழந்தைகளுக்கு இதையா கொடுக்கிறீர்கள் என்று நாலு வரி. கடைசியில் அந்த இரண்டு வார்த்தை, வந்தது வந்தபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கீரையாமா அது?” என்று அவள் வெளியிலிருந்தே கத்தினாள். “களச் செடிம்மா அது! பாக்கறதுக்குப் பொன்னாங்கண்ணியாட்டம் கீது. ஆடு கூட வாய் வெக்காது. சேத்தோட தூக்குனா கனம் தாங்காதுன்னு தண்ணியிலயே அலசிட்டுக் கரையில தூக்கிப் போட்றோம். அத்த மேஸ்திரி போட்டோ எட்த்தான்.”

“நீ எதுக்கு அங்க போனே?”

அதுவரை கத்திக்கொண்டிருந்தவள் எதிர்வீட்டு ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கேட்டுக்கு உள்ளே வந்து, குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். கீரை விற்று முடித்ததும் பூந்தமல்லி பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நூம்பல் பக்கம் போய்விடுவாளாம். மழைக்காலத்துக்கு முன்னால் கால்வாய்களில் களை எடுக்கும் கான்ட்ராக்ட் வேலை. வேலை நடக்கிறது என்று காட்ட மேஸ்திரி தினமும் போட்டோ எடுத்து அவர்கள் குரூப்பில் போட வேண்டும். சட்டைக்கு மேல் போடுகிற பச்சைக் கோட்டு நனைந்துவிடும் என்று கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருந்த நேரத்தில் எடுத்த படம் அது.

“இங்கயே வேல குட்த்தாங்கமா. நான்தான் வேணான்ட்டு அவ்ளோ தூரம் போறேன். கால்வால எறங்குறவன்னு இங்க யாருக்குனா தெரிஞ்சா என்னாண்ட கீரை வாங்குவாங்களா, சொல்லு?”

அவளே தொடர்ந்தாள். “அது கீரை இல்லன்னு மட்டும் போடச் சொல்லுமா. கால்வா வேலைக்குப் போறன்னு போட்றாத. அது மட்டும் வேணாம்.”

போட மாட்டோம் என்று சொன்னேன். அவள் நிறைந்த கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். நான் வேகவேகமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

“இன்னாக்கா, காலங்காத்தால?” என்று சிரித்தான். சிரிப்பைப் பார்த்ததும் இன்னும் எரிச்சல்.

“உனக்கு வந்த படத்தைக் காட்டு. நீ பட்டை ஒட்டுறதுக்கு முன்னால இருந்தது.”

முனகிக்கொண்டே தேடி எடுத்தான். இடத்தையும் நேரத்தையும் படத்தின் மேலேயே அச்சடித்துவிடும் கேமரா உண்டே, மேஸ்திரி அதில்தான் எடுத்திருக்கிறான். படத்தின் அடியில் எல்லாம் இருந்தது. நூம்பல். தேதி, நேரம். அதற்கும் கீழே மேஸ்திரியே தட்டிய ஒரு வரி: ‘கால்வாய் களை அகற்றும் பணி.’ யார், எங்கே, எப்போது என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அத்தனைக்கும் பதில் அந்தப் படத்திலேயே இருந்திருக்கிறது. இந்தப் புண்ணியவான் அதன்மேல் தன் போன் நம்பரை ஒட்டியிருக்கிறான்.

தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, கடைக்கு வந்தவர்கள் பார்க்க.

“அய்யே, நான் பாக்கவே இல்லக்கா” என்றான். “படம் வந்தா பட்டிய ஒட்டிப் பழக்கமாப் பூட்ச்சு.”

“என்கிட்ட கேட்டுக்கறேன்னு சொன்னியேப்பா!”

“அம்பத்தூர்க்காரனுக்கும் இதே படம் போயிருக்குக்கா. அவன் முந்திட்டான்னா?”

முந்தட்டுமே! ஒரு பொய்யை யார் முதலில் சொன்னார்கள் என்று கோப்பையா கொடுக்கப் போகிறார்கள்? இதைக் கேட்டதற்கு அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “சரிக்கா, டெலீட் பண்ட்டேன், போதுமா?” என்று போனைக் காட்டினான். போதாது என்றேன். எடுத்துவிட்டால் இனிமேல் பார்க்கப்போகிறவர்கள்தான் பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்களுக்கு யார் சொல்வது? பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தட்டச் சொன்னேன். நேற்று நாங்கள் போட்ட படம் தவறு. அதில் இருப்பது கீரை அல்ல, அது நம் ஊரும் அல்ல. விசாரிக்காமல் போட்டுவிட்டோம். அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

“மறுபடி படம் போடாதே. அவ என்ன வேலை பார்க்கிறாங்கிறதைப் பத்தி மூச்சு விடாதே. அவ கேட்டுக்கிட்டா.”

“சத்தியமா போடலக்கா.”

போட்டான். பொய்யைப் பார்த்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எழுதினதுதான் என் வயிற்றெரிச்சல். ‘கீரை இல்லைன்னா வேற என்ன? ஆதாரம் எங்கே?’ ‘காசு வாங்கிட்டீங்களா அட்மின்?’ ‘சும்மா சொன்னா நம்பிடுவோமா?’ முந்தின நாள் ஒரு பொய்யை ஆதாரம் கேட்காமல் லபக்கென்று விழுங்கின அதே ஆட்கள், அதே பெயர்கள்! தப்பு என்று சொன்னவுடன் எல்லாருக்கும் வக்கீல் புத்தி வந்துவிட்டது. அதில் எதிர்வீட்டம்மாவும் ஒருத்தர். ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர்.

பதில் எழுதாதே, விடு என்று அவனிடம் சொன்னேன். அவனால் விட முடியவில்லை. காசு வாங்கினவன் என்று ஊரே சொன்னால் அவனுக்கும் சுருக்கென்றுதானே இருக்கும். அதுகூட எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு அவன் செய்த காரியம் இருக்கிறதே!

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. குரலில் அவ்வளவு குஷி. “அக்கா, பேஜப் பாத்தீங்களா? நீங்க சொன்னாப்பலயே பண்ட்டேன். யாரு, எங்க, எப்போ, அல்லாமே கீது. ஆதாரத்தோட!”

பார்த்தேன். சிவப்புப் பட்டை இல்லை. இந்த ஒரு தடவை மட்டும் ஒட்டவில்லை. முழுப் படம், நூம்பல், தேதி, நேரம், களை அகற்றும் பணி, எல்லாம் பளிச்சென்று. போதாததற்கு அந்த மேஸ்திரியைத் தேடிப் பிடித்து இன்னும் சில படம் வாங்கியிருக்கிறான். இடுப்பளவுத் தண்ணீரில் அவள். தலையில் சேறு வழியும் களைக் கட்டோடு அவள். பச்சைக் கோட்டோடு, சாப்பாட்டு டப்பாவோடு அவள். எல்லாவற்றையும் கோத்து வீடியோவாக்கி, பின்னால் உருக்கமாக ஒரு புல்லாங்குழலை ஓடவிட்டிருந்தான். தலைப்பு: ‘காலையில் கீரை, பகலில் கால்வாய்: உழைப்பின் சிகரம் இந்த வெள்ளானூர்த் தாய்!’ ஒற்றுப்பிழைகூட இல்லை.

முதல் பொய்யைவிட இதைப் பார்த்தவர்கள் அதிகம். கும்பிடும் கைகளும் சிவப்பு இதயங்களும் வரிசை வரிசையாக. கண்ணீர் வந்துவிட்டது என்கிறார் ஒருவர். இவர்களால்தான் மழை பெய்கிறது என்கிறார் இன்னொருவர். எதிர்வீட்டு டீச்சர், ‘உண்மையை ஆதாரத்துடன் வெளியிட்ட அட்மினுக்குப் பாராட்டுகள்’ என்று எழுதி மூன்று இதயம் போட்டிருந்தார்.

கடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. “எடு அதை!” என்று வாசலிலேயே கத்தினேன்.

“எதுக்குக்கா? அதுல ஒரு வார்த்த பொய்யா? எது பொய்யின்னு சொல்லுங்க, எட்த்துட்றேன்.”

ஒன்றுகூடப் பொய்யில்லை. “சத்தியமா போடலன்னு சொன்னியே? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?” என்றேன்.

“நம்ம பேரு நாறிகினு இருந்துச்சுக்கா. அப்புறம், நல்லதப் போட்றதுக்குக் கூடவா கேக்கணும்?” அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. “எங்கம்மாவும் சேத்துல எறங்குனவதானேக்கா. நானு இன்னா கேவலமாவா போட்டேன்? ஊரே கும்பிடுது பாருங்க.”

அவனை இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது, உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது. திட்டிய திட்டில் கடைசியில் எடுத்துவிட்டான். எடுத்து என்ன? அம்பத்தூர்க்காரன் அதற்குள் அந்த வீடியோவைத் தன் பெயர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். கீழே, வந்தது வந்தபடி.

மறுநாள் கீரைக்காரி வந்தாள். அவள் குரல் தெருமுனையில் கேட்டதும் நான் கேட்டுக்கு ஓடினேன். எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. இரண்டு கட்டு வாங்கினேன். நான் ஒருத்தி எத்தனை கட்டு கீரை தின்ன முடியும்? அவள் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனாள். போட மாட்டோம் என்று சொன்னவள் நான்தானே.

பொறுக்க முடியாமல் எதிர்வீட்டுக்குப் போனேன். “இதயமெல்லாம் போட்டீங்களே, டீச்சர். ஒரு கட்டு கீரை வாங்கினா என்ன?”

“நல்ல பொண்ணுங்க அவ. நான் இல்லேங்கலை. ஆனா அந்தக் கையைச் சாக்கடையில வெச்சுட்டு...” என்று இழுத்தார்.

“சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, மறுநாள் காலையிலதானேங்க கீரையைத் தொடுறா?”

“தெரியும்ங்க. இருந்தாலும் மனசு ஒப்பலை.”

சாக்கடையில் கீரை கழுவுகிறாள் என்ற பொய்யையாவது இல்லை என்று மறுக்க முடிந்தது. இதை என்னவென்று மறுப்பது?

அதற்கப்புறம் அவள் குரல் தெருவில் கேட்கவில்லை. மழை ஆரம்பிக்கிற சமயத்தில் ஒருநாள் வாசலில் மண்வெட்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கால்வாய் வேலைக்காரர்கள் எங்கள் தெரு மழைநீர் வாய்க்காலில் இறங்கியிருந்தார்கள். பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, டீச்சர் வீட்டுக்கு நேரே, முழங்கால் சேற்றில் நின்றிருந்தாள் அவள்.

“இங்கேயே வந்துட்டியா?” என்று கேட்டேன்.

“இனிமே இன்னாமா? ஒளிஞ்சிகினு அவ்ளோ தூரம் போயி எதுக்கு பஸ்ஸுக்குக் குட்க்கணும்?”

டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் பேப்பர் கப்பில் டீ. அதைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்து இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டு, “உன்னைப் பத்திப் போட்டிருந்தாங்களேம்மா, பார்த்தேன். ரொம்பப் பெருமையா இருந்துச்சு” என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் கோட்டில் கையைத் துடைத்து, கப்பை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

“பொய்யப் போட்டப்ப உன் ஊட்டாண்ட வந்து கத்துனேன்மா. இப்ப போட்டது அத்தினியும் மெய். யாராண்ட போயி, இன்னான்னு கத்துறது?”

டீயை ஒரே மடக்கில் குடித்தாள். கப்பை நசுக்கித் தன் குப்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்தாள்.